மேலே பார்த்தால் ஆமாம்

வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிற நர்சுகளுக்குத் திருச்சியில் நடந்த ஒரு வகுப்பில் பேசச் சொல்லிப் போன மாதம் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, ஷிஃப்ட் மாறும்போது எதைச் சொல்லாமல் விடக் கூடாது, அரபி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் சொன்னேன். கடைசியில் ஒரு பெண் எழுந்து, "நெனவில்லாம இருக்கறவங்களுக்கு நாம பேசறது கேக்குமா சார்?" என்று கேட்டாள். "கேக்கும்னு நெனச்சுப் பேசுங்கம்மா" என்றேன். கைதட்டினார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு என் மேலேயே சலிப்பாக இருந்தது. அது வாத்தியார் தப்பித்துக்கொள்ளச் சொல்கிற பதில். எனக்கு அதைவிட நன்றாகத் தெரியும். தெரிந்துகொள்ள ஒரு மனிதர் பத்தொன்பது நாள் கொடுத்திருக்கிறார். அதைச் சொல்ல அங்கே எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அந்தப் பெண்ணும் மற்றவர்களும் விமானம் ஏறுவதற்கு முன் படித்தால் சரி.

நான் நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டு ஆனவன் இல்லை. எம்.ஏ. தத்துவம் படித்தவன். சைவ சித்தாந்தத்தில் சொல்லும் ஐந்து அவத்தைகளைப் பற்றி ஆய்வேடு எழுதி முதல் வகுப்பில் தேறினேன். நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று உயிர் ஒவ்வொரு படியாக உள்ளே இறங்குவதையும், இறங்க இறங்க கை, கால், வாய், புலன் என்று அதன் கருவிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்வதையும் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தப் படிப்புக்கு வேலை எங்கே கிடைக்கிறது? கல்யாணம் ஆகி, மாமனார் வீட்டில் முகம் சுருங்க ஆரம்பித்த பிறகு நர்சிங் சேர்ந்தேன். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் துபாயில் ஒரு மருத்துவமனையின் ஐசியூவுக்கு வந்து சேர்ந்தேன். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். தப்பு செய்தவன் நான், கட்டடம் இல்லை.

ஐசியூவில் மலையாளிகளும் பிலிப்பைன்ஸ்காரர்களும் எகிப்தியர்களும் இருந்தார்கள். தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். என் படிப்பைக் கேள்விப்பட்டு எல்லோரும் என்னை 'புரொஃபசர்' என்று கூப்பிட்டார்கள். கிண்டல்தான். எனக்கு அது பிடித்திருந்தது. டீ குடிக்கிற அறையில் வகுப்பே எடுப்பேன். 'நேற்று நன்றாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை' என்று காலையில் சொல்கிறோமே, ஒன்றுமே தெரியாமல் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? அதுதான் சாட்சி, அது தூங்குவதே இல்லை, வெண்டிலேட்டரில் கிடக்கிறவரிடமும் அது விழித்துக்கொண்டுதான் இருக்கிறது என்பேன். அத்வைதத்தையும் சித்தாந்தத்தையும் வசதிக்கு ஏற்றபடி குழைத்து அடிப்பேன். கேட்பதற்கு ஆள் இருந்தால் எவனுக்கும் இது நடக்கும்.

என் பேச்சுக்கு மயங்காதவர் ஒருவர்தான். நரம்பியல் மருத்துவர், ஜெர்மானியப் பெண்மணி. ஆன்மா என்றால் என்னவென்று தனக்குத் தெரியாது, மூளை வேலை செய்வதற்குப் பெயர்தான் மனம் என்பார். ஒருநாள் அவரை மடக்குவதாக நினைத்துக்கொண்டு, "எங்கள் ஊரிலும் உங்கள் கட்சிக்காரர்கள் இருந்தார்கள் டாக்டர். வெற்றிலையிலும் சிவப்பு இல்லை, பாக்கிலும் இல்லை, சுண்ணாம்பிலும் இல்லை, மூன்றையும் மென்றால் சிவப்பு வருகிறது. அதேபோல் உடம்பு சேர்ந்தால் அறிவு வருகிறது, அவ்வளவுதான் என்றார்கள். அவர்களை மற்றவர்கள் எப்போதோ வாதத்தில் தோற்கடித்துவிட்டார்கள்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "தோற்றிருக்கட்டும். எனக்கு ஒன்று சொல்லுங்கள். உங்கள் மனதுக்குள் நான் நுழைந்து பார்க்க முடியாது. என் மனதுக்குள் நீங்களும் பார்க்க முடியாது. இதை எங்கள் ஊரில் பெரிய புதிர் என்பார்கள். எனக்கு இது புதிர் இல்லை, வேலை. பார்க்க முடியாது என்பதால்தான் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குத்தான் எல்லோரிடமும் சாட்சி இருப்பது முன்பே தெரியுமே. அப்புறம் நீங்கள் எதற்குக் கேட்கப் போகிறீர்கள்?" என்றார். நல்ல ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனேன். மறுப்பு ஒன்று மனதில் தயாராக இருந்தது, இப்போது மறந்துவிட்டது.

அந்த வருடம் ஆகஸ்டில் செல்வராசு வந்தார். அரியலூர் மாவட்டம், செந்துறைப் பக்கம். துபாயில் அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்கில் லோடு ஏற்றும் வேலை. வயது முப்பத்திரண்டோ மூன்றோ. மூட்டையோடு அப்படியே சரிந்துவிட்டார் என்று கொண்டுவந்தார்கள். வெயில் என்று முதலில் நினைத்தார்கள். ஸ்கேனில் மூளையின் அடித்தண்டில் ரத்தக் குழாய் அடைத்திருப்பது தெரிந்தது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்தோம். ஒரு வாரத்தில் மூச்சைத் தானாகவே விட ஆரம்பித்தார். கண்ணும் திறந்தது. ஆனால் கை அசையவில்லை, கால் அசையவில்லை, நாக்கு அசையவில்லை. கிள்ளினால்கூட அசைவில்லை.

நினைவை நாங்கள் எண்ணால் எழுதுவோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கண்ணுக்கு இவ்வளவு, பேச்சுக்கு இவ்வளவு, கைகால் அசைவுக்கு இவ்வளவு. ஒரு ஷிஃப்டில் பலமுறை அதைச் சோதித்து எழுத வேண்டும். பாதிப் பேர் முந்தைய ஷிஃப்டின் எண்ணைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன். எழுதவே இல்லை என்று யாராவது சொன்னால் அவரோடு டூட்டி பார்க்க எனக்கு ஆசை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, ரவுண்ட்ஸில் அந்த மருத்துவர் செல்வராசுவின் கட்டிலருகே வெகுநேரம் நின்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்த இடத்தில் அடைப்பு வந்தால் சிலருக்கு எல்லாமே பூட்டிக்கொள்ளும். கண்ணை மேலும் கீழும் அசைப்பது மட்டும் மிஞ்சும். உள்ளே முழு நினைவோடு இருப்பார்கள். இவர் அப்படியா, இல்லை நினைவே போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஆங்கிலத்தில் கேட்டேன், இவர்கள் ஹிந்தியில் கேட்டார்கள், பயனில்லை. நீங்கள் இவருடைய மொழிக்காரர். மேலே பார், கீழே பார் என்று கேளுங்கள். ஒருமுறை போதாது. விழித்திருக்கும்போது, நிதானமாக, பலமுறை. செய்வீர்களா?"

"செய்கிறேன் டாக்டர்" என்றேன்.

அன்றைக்கு இரண்டு புது அட்மிஷன். ஒரு நோயாளிக்கு இதயம் நின்று, எல்லோரும் அங்கே ஓடினோம். எனக்குச் சாப்பாடு கிடையாது. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. போய் நின்றேன். மருந்து ஏறும் பம்ப் கூவிக்கொண்டிருந்தது. அதை அமர்த்திக்கொண்டே, "செல்வராசு, மேல பாருங்க. கீழ பாருங்க" என்றேன். என் கண் பம்பின் திரையில் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் கண் நேராக இருந்தது. அவ்வளவுதான் சோதனை. சார்ட்டில் எழுதினேன்: 'தாய்மொழியில் கட்டளை, பலமுறை. பதில் இல்லை.'

அந்தப் 'பலமுறை' பொய். மறுநாள் மருத்துவர் அதைப் படித்துவிட்டு, "பலமுறை கேட்டீர்களா?" என்றார். "ஆமாம் டாக்டர்" என்றேன். அது இரண்டாவது பொய், முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. சோம்பல், களைப்பு என்று காரணம் சொல்லலாம். அவை உண்மையும்தான். ஆனால் அடியில் வேறொன்று இருந்தது. அந்தச் சோதனை எனக்கு முக்கியமாகவே படவில்லை. உள்ளே இருக்கிறதுதான் எப்படியும் இருக்கிறதே, கண்ணை உருட்டினால் என்ன, உருட்டாவிட்டால் என்ன என்று ஒரு மெத்தனம். சாட்சி எல்லோரிடமும் இருக்கிறது என்று நம்பியவன், இந்த ஒருவர் விழித்திருக்கிறாரா என்று பார்க்கவில்லை. உயிர் கருவி இழந்து கிடக்கும் நிலையைப் பற்றி எழுதி மார்க் வாங்கியவன் முன்னால், கருவி எல்லாம் கழன்ற ஒருவர் கிடந்தார். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

என் ஒரு வரியை வைத்து அடுத்தடுத்த காரியங்கள் நடந்தன. நினைவு திரும்ப வாய்ப்பில்லை என்று கோப்பில் எழுதப்பட்டது. நினைவு இருந்தால் மறுவாழ்வுப் பிரிவுக்கு மாற்றுவார்கள், இல்லாவிட்டால் ஊருக்கு அனுப்புவார்கள் என்பதுதான் வழக்கம். கம்பெனி ஆள் வந்தான், ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் திங்கட்கிழமை விமானத்தில் ஏற்றுவதாக முடிவானது. தொண்டைக் குழாயில் சளி அடைத்தால் அரை மணிக்கு ஒருமுறை உறிஞ்சி எடுக்க வேண்டும். செந்துறைப் பக்கத்துக் கிராமத்தில் அதை யார் செய்வது? வீட்டில் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மத்தியானம் அவருடைய மச்சான் அய்யாக்கண்ணு வந்தார். செல்வராசுவின் மனைவிக்கு அண்ணன். அதே கம்பெனி, அதே தொழிலாளர் கேம்ப், அதே ரூம். வெள்ளிதோறும் அல் கூஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு கட்டிலருகே நிற்பார். அன்றைக்கு என்னைத் தேடி ஓடிவந்தார்.

"சார், மாப்ள என்னயப் பாக்குறான் சார்."

"கண்ணு தெறந்துதான் இருக்கும். தானா அசையும். அதுக்கும் நெனவுக்கும் சம்பந்தம் இல்லைங்க."

"தானா அசையிறது எனக்கும் தெரியுது சார். இது அப்புடி இல்ல. நான் கேட்டதுக்கு மேல பாத்தான்."

எனக்கு எரிச்சல் வந்தது. அதை மறைத்துக்கொண்டு, கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானுமாக நின்று, அவருக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். என் டீ அறை வகுப்புதான். உடம்பு வேறு, உள்ளே இருப்பது வேறு. அது எதையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கும், அதற்கு வலியும் இல்லை அழிவும் இல்லை. உங்க மாப்பிள்ளை இந்த உடம்பை விட்டு ஒதுங்கி நிம்மதியாக இருக்கிறார், இனிமேல் இங்கே அவரைத் தேடாதீர்கள். இதையெல்லாம் செல்வராசுவின் முகத்துக்கு ஒரு முழம் மேலே, உரக்க, தமிழில் சொன்னேன். அய்யாக்கண்ணு முழுதாகக் கேட்டார். மரியாதை தெரிந்த மனிதர்.

"இதெல்லாம் நமக்கு வெளங்காது சார். எல்லாருக்கும் உள்ள ஒண்ணு இருக்குங்கறீங்க. இருக்கட்டும். நான் அதக் கேக்கல. எம் மாப்ளயக் கேக்குறேன். இவன் இப்ப என்னயப் பாக்குறானா, இல்லியா?"

 அவரே தொடர்ந்தார்.

"ரூம்ல பன்னெண்டு பேரு சார். ஆறு பேருக்குப் பகல் டூட்டி, ஆறு பேருக்கு நைட் டூட்டி. எந்நேரமும் ஆறு பேரு தூங்கிக்கிட்டே இருப்பானுவ. வாயத் தொறந்தா சண்டதான். அதனால நாங்க கண்ணாலயே பேசிக்குவோம். அவன் கீழ் பெர்த்து, நான் மேல் பெர்த்து. டூட்டி முடிஞ்சி வந்து அவன் முன்னால நிப்பேன். எனக்குச் சோறு எடுத்து வச்சிருந்தா கண்ண மேல தூக்குவான். இல்லன்னா கீழ எறக்குவான். நாலு வருசமா இதான் சார் எங்க பேச்சு. எனக்குத் தெரியாதா?"

குனிந்து செல்வராசுவின் காதருகே கேட்டார்: "மாப்ள, சோறு இருக்கா?"

கண் இரண்டும் மேலே போயின. மேலேயே நின்றன. திரும்ப நேராக வந்தன.

"நான் கெளம்பட்டா மாப்ள?"

கண் கீழே இறங்கியது.

 எனக்கு வந்தது சந்தோஷம் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது பயம். சார்ட்டில் இருந்த என் கையெழுத்துதான் முதலில் மனதில் வந்தது. "தற்செயலா இருக்கலாம். டாக்டர்கிட்ட சொல்றேன்" என்றேன். அய்யாக்கண்ணு என் முகத்தையே பார்த்தார். "சொல்லுவீங்களா சார்? திங்கக்கெழம டிக்கெட் போட்டாச்சாம். மாப்ள உசுரு சார் இது" என்றார். நோயாளியின் கண்ணையே படித்தவருக்கு என் கண்ணைப் படிப்பதா கஷ்டம்?

ரூமுக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே எனக்கு வழி தெரிந்துவிட்டது. 'இன்று முன்னேற்றம், கண் அசைவால் பதில் தருகிறார்' என்று எழுதினால் போதும். முன்னேற்றம் இப்போதுதான் வந்தது, அதற்கு முன் நான் எழுதியதும் சரி. டிக்கெட் ரத்தாகும், அவர் பிழைப்பார், என் லைசென்ஸும் பிழைக்கும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. லைசென்ஸ் போனால் மறுநாளே விசா போகும். யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்களில் பலர் ஒருநாள் அந்த பஸ்ஸில் உட்காரத்தான் போகிறீர்கள். அதனால்தான் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை, செல்வராசு வந்த பத்தொன்பதாம் நாள், ரவுண்ட்ஸுக்கு மருத்துவர் வந்ததும் சொன்னேன். "டாக்டர், செல்வராசு கண்ணால் பதில் சொல்கிறார்." அவர் முகத்தில் ஓர் ஒளி வந்தது. "எப்போதிலிருந்து? நேற்றிலிருந்தா?" என்றார்.

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டிலில் செல்வராசு விழித்திருந்தார். எங்களுக்கு நடுவில்தான் கிடந்தார். எப்போதிலிருந்து என்பது அந்த அறையில் அவருக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். நேற்று என்று நான் எழுதினால், அதற்கு முன் உறிஞ்சு குழாயைச் சொல்லாமல் கொள்ளாமல் தொண்டையில் விட்டதும், வலி தெரியாத ஆள் என்று ஊசி குத்தியதும், அவர் தலைக்கு மேலே நாங்கள் சிரித்துப் பேசியதும் யாருக்கும் நடக்காததாகிவிடும். இத்தனையும் அப்போதே யோசித்தேன் என்று பீற்றிக்கொள்ள மாட்டேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பொய் வரவில்லை, அவ்வளவுதான்.

"தெரியாது டாக்டர். நீங்கள் சொன்னபடி நான் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டேன். அப்போதும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை" என்றேன்.

மருத்துவர் சார்ட்டை எடுத்து என் வரியை மறுபடி படித்தார். பிறகு, "இப்போது கேட்கலாம்" என்றார்.

அவர் செய்த முறையை நான் மறக்கவே மாட்டேன். என்னை வெளியே நிறுத்திவிட்டு, ஹிந்தி தெரிந்த ஒரு நர்சை வைத்து அய்யாக்கண்ணுவுக்குப் போன் போட்டு, செல்வராசுவின் வீட்டைப் பற்றிப் பத்து விஷயம் கேட்டுக் குறித்துக்கொண்டார். விடை எனக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் என் ஆசை விடை சொல்லிவிடும் என்றார். அப்புறம் என்னை உள்ளே கூப்பிட்டுக் கேள்வியை மட்டும் கொடுத்தார். நான் தமிழில் கேட்கக் கேட்க, மருத்துவர் செல்வராசுவின் கண்ணைப் பார்த்து எழுதினார். பொண்ணு ரெண்டா? மேலே. மூத்தவ பேரு கவிதாவா? கீழே. கிணறு இருக்கா? மேலே. ஒன்பது சரியாக வந்தன. வீட்டில் ஆடு இருக்கா என்ற கேள்விக்கு மட்டும் கீழே பார்த்தார். அய்யாக்கண்ணு இருக்கிறது என்று சொல்லியிருந்தார். மருத்துவர் அதைத் தவறு என்று குறித்தார். விழுந்த அன்று காலைதான் ஆடு இரண்டையும் விற்றுவிட்டதாக மனைவி போனில் சொல்லியிருக்கிறாள், மச்சானிடம் சொல்வதற்குள் இப்படி ஆகிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

கடைசியாக, "இத்தனை நாளும் நாம் பேசியது கேட்டதா என்று கேளுங்கள்" என்றார். கேட்டேன். மேலே. "வலித்ததா?" மேலே. மருத்துவர் பேனாவை மூடிச் சட்டையில் குத்திக்கொண்டு, ஜெர்மனில் ஏதோ சொல்லி அவர் கையைத் தொட்டார். செல்வராசுவின் கண்ணிலிருந்து நீர் காதுப் பக்கம் வழிந்தது. நான் துடைத்தேன். துடைக்கிற தகுதி எனக்கு இருந்ததா என்று அப்போது தோன்றவில்லை, இப்போது தோன்றுகிறது.

டிக்கெட் ரத்தானது. நடந்ததை என் கைப்படவே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். லைசென்ஸ் போகவில்லை, ஐசியூ போயிற்று. புறநோயாளிப் பிரிவுக்கு மாற்றினார்கள். மருத்துவர் என்னைத் திட்டவில்லை. "நானும் அவர் அருகில் நின்று இன்னும் கொஞ்சம் பார்த்திருக்க வேண்டும். உங்கள் வரியை நம்பிப் போய்விட்டேன்" என்றார். அதற்குத் திட்டியே இருக்கலாம். ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஆன்மா இல்லை என்றவர்தான் திரும்பத் திரும்பக் கேட்கச் சொன்னார். இருக்கிறது என்று வகுப்பெடுத்தவன் கேட்கவில்லை. இரண்டில் எந்தத் தத்துவம் சரி என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. சண்டை போடுகிற வயதும் போய்விட்டது. ஆனால் எந்தத் தத்துவத்தை வைத்துக்கொண்டாலும், அது உங்களைக் கட்டிலருகே போய்க் கேட்கவிடாமல் செய்தால் அதை உடை மாற்றும் அறையில் கழற்றி வைத்துவிட்டு டூட்டிக்குப் போங்கள்.

செல்வராசு எழுந்து நடந்தார் என்று எதிர்பார்க்காதீர்கள். மறுவாழ்வுப் பிரிவில் மூன்று மாதம் இருந்தார். இடதுகைக் கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது. தன் மூச்சில், நாற்காலியில் சாய்ந்தபடி, சளி எடுக்கப் பழகிய மச்சானோடு ஊருக்குப் போனார். ஆறேழு வருடம் வாழ்ந்தார், மூத்த மகள் பத்தாவது தேறியதைப் பார்த்தார். பிறகு ஒரு மழைக்காலத்தில் நிமோனியாவில் போய்விட்டார்.

அந்த மூன்று மாதத்தில் டூட்டி முடிந்ததும் அவரைப் பார்க்கப் போவேன். முதல் இரண்டு வாரம் நான் வந்து நின்றாலே கண்ணை மூடிக்கொள்வார். நான் நகரும் வரை திறக்கமாட்டார். "கோவமா இருக்கான் சார்" என்பார் அய்யாக்கண்ணு, சங்கடத்தோடு. நான் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிடுவேன்.

அல் கூஸில் கீழக்கரை பாய் ஒருவரின் கடையில், குழந்தைகள் படிக்கிற உயிரெழுத்து உயிர்மெய்யெழுத்து அட்டை ஒன்றை அய்யாக்கண்ணு வாங்கிவந்திருந்தார். வரிசை வரிசையாக விரலை வைத்துக் கேட்பார். இந்த வரிசையா? கீழே. இதுவா? மேலே. ஓர் எழுத்துக்கு ஒரு நிமிடம் ஆகும். பாதி வார்த்தையிலேயே மச்சான் ஊகித்துவிடுவார். செல்வராசு எட்டாவது வரை படித்தவர், பொறுமையாகச் சொல்வார்.

ஒருநாள் மத்தியானம் நான் போனபோது கண்ணை மூடவில்லை.  மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கேட்டேன். அவர் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. சரி, அது அவர் இஷ்டம். அதோடு நான் திரும்பியிருக்க வேண்டும். ஆனால் இத்தனைக்குப் பிறகும் எனக்குள் இருந்த எம்.ஏ. சாகவில்லை. உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்? கருவி எல்லாம் கழன்ற பிறகு உள்ளே என்ன மிஞ்சுகிறது என்று நேரில் பார்த்தவர் என் முன்னால் இருக்கிறார். அமைதியா, ஒளியா, வெறும் பார்வை மட்டுமா? வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அந்தப் பத்தொம்போது நாளும் உள்ள எப்படி இருந்துச்சு செல்வராசு?"

அவர் யோசித்தார். பிறகு அட்டையைப் பார்த்தார். அய்யாக்கண்ணு விரலை நகர்த்த ஆரம்பித்தார். முதல் எழுத்து அ. அடுத்தது ரி. அய்யாக்கண்ணு நிமிர்ந்து, "அரிப்பா மாப்ள?" என்றார்.

கண் மேலே போனது.

"அரிச்சுதா? அத்தினி நாளுமா?"

மேலே.

பத்தொன்பது நாள். யாரையும் கூப்பிட முடியாமல், ஒரு விரலைத் தூக்க முடியாமல். அவர் தலைக்கு மேலே நின்றுகொண்டு, வலியும் இல்லை அழிவும் இல்லை, நிம்மதியாக இருக்கிறார் என்று நான் சொன்னபோதும் அரித்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

"எங்க அரிச்சுது? மூக்குலயா?" என்று கேட்டேன். கீழே. "தலையிலயா?" கீழே. "முதுகா?" மேலே. "இப்பவும் அரிக்குதா?"

மேலே.

அய்யாக்கண்ணு அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார். நான் சட்டைக்குள் கையை விட்டுத் தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை சொறிந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் முகத்தருகே குனிந்து, "போதுமா?" என்றேன்.

கீழே பார்த்தார். மறுபடியும் சொறிந்தேன்.